மக்கள்தொகை, வீட்டுவசதி முன்கணிப்புச் சேவை: நான்கு ஆண்டுகள் சந்தா கட்டியபின் ஒரு மதிப்புரை

நான் ஓர் உள்ளாட்சி அமைப்பின் திட்டமிடல் பிரிவில் பணிபுரிகிறேன். புதிய பள்ளிக்கூடம் எங்கே, எப்போது தேவைப்படும், குடிநீர்க் குழாயின் விட்டம் எவ்வளவு இருக்க வேண்டும், முதியோர் பராமரிப்பு மையத்தை எந்தப் பகுதியில் அமைப்பது என்று கேட்பவர்களுக்குப் பதில் தேடிக் கொடுப்பது என் வேலை. இந்தக் கேள்விகள் எல்லாம் கடைசியில் ஒரே இடத்தில் வந்து முட்டும். இன்னும் பத்து, இருபது ஆண்டுகளில் இங்கே எத்தனை பேர் இருப்பார்கள், அவர்கள் எந்த வயதினர், எத்தனை வீடுகளில் வசிப்பார்கள்? இதற்கு விடை தருவதாகச் சொல்லும் ஒரு தனியார் நிறுவனத்தின் சேவைக்கு நான்கு ஆண்டுகள் சந்தா கட்டினோம். இப்படியொரு சேவையை வாங்கலாமா என்று யோசிக்கும் பிற உள்ளாட்சிகளின் அலுவலர்களுக்காகவும், தங்கள் பகுதியைப் பற்றி வெளியாகும் எண்களை எப்படிப் படிப்பது என்று அறிய விரும்பும் குடிமக்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்தச் சந்தையில் கிடைக்கும் சேவைகளின் அடிப்படை ஏறத்தாழ ஒன்றேதான் என்பதால், பெயர் தெரியாததால் வாசகருக்கு இழப்பு எதுவும் இல்லை.

சந்தாவுக்குக் கிடைத்தவை இவை: எங்கள் எல்லைக்குட்பட்ட ஒவ்வொரு சிறு பகுதிக்கும் அடுத்த 25 ஆண்டுகளுக்கு வயது, பாலினம், குடித்தன வகை வாரியான மக்கள்தொகை அட்டவணைகள், வீடுகளின் எண்ணிக்கை பற்றிய ஆண்டுவாரிக் கணக்கு, பொதுமக்களும் பார்க்கக்கூடிய ஒரு வரைபட இணையதளம், கணக்கிட்ட முறையை விளக்கும் ஒரு குறிப்பு, ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல். அவற்றோடு, எண்களை முடிவு செய்யும் முன் எங்கள் அலுவலகத்துக்கு வந்து ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து பேசும் கூட்டமும் உண்டு. அந்த ஒரு நாள்தான் முழுச் சந்தாவுக்கும் ஈடானது என்று பிறகு எனக்குத் தோன்றியது. ஆனால் வாங்கும்போது அதை யாரும் பொருட்படுத்தவில்லை. வரைபடத்தின் வண்ணங்களைப் பார்த்துத்தான் கையெழுத்திட்டோம்.

அதற்கு முன் எங்களிடம் இருந்தது ஓர் எக்செல் கோப்பு. முந்தைய இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடைப்பட்ட வளர்ச்சியை ஒரு கோடாக வரைந்து, அதை அப்படியே எதிர்காலத்துக்குள் நீட்டிவிடுவோம். இது கேலிக்குரிய முறை அன்று. குறுகிய காலத்துக்கு, பெரிய மாற்றமில்லாத பகுதிகளில், நீட்டிய கோடு நுணுக்கமான முறைகளுக்குச் சளைக்காமல் தாக்குப்பிடிக்கும். ஆனால் கோடு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்பது அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குச் சாட்சியாகாது. ரேமண்ட் பெர்ல், லோவெல் ரீட் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1920-இல் தங்கள் நாட்டின் மக்கள்தொகைக்கு எஸ் வடிவ வளைகோடு ஒன்றைப் பொருத்தி, அது 19.7 கோடியைத் தாண்டாமல் அடங்கிவிடும் என்று கணக்கிட்டார்கள். 1930-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அந்தக் கோட்டுக்கு மிக அருகில் வந்து அவர்களுக்குப் பெருமை சேர்த்தது. 1960-களின் இறுதியில் அமெரிக்கா அந்த உச்சவரம்பைக் கடந்து, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. கோட்டுக்கு வயது தெரியாது. பிள்ளை பெறும் வயதில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் ஓய்வு பெறப் போகிறார்கள் என்று அதனிடம் கேட்க முடியாது. எங்கள் எக்செல் கோப்பின் குறையும் அதுவேதான். மொத்த எண்ணைச் சொல்லும். பள்ளியா, முதியோர் மையமா என்று கேட்டால் வாய் திறக்காது.

இந்தச் சேவையின் அடித்தளம் வேறு. ஒவ்வொரு வயதினரையும் தனித் தொகுதியாக எடுத்துக்கொண்டு, ஓராண்டு முன்னே நகர்த்தி, இறப்பவர்களைக் கழித்து, பெண்களின் வயதுவாரிப் பிறப்பு விகிதப்படி குழந்தைகளைச் சேர்த்து, குடிவந்தவர்களைக் கூட்டி, குடிபெயர்ந்தவர்களைக் கழித்து, மீண்டும் அடுத்த ஆண்டுக்கு அதையே செய்வது. இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் மக்கள்தொகைக்கு 1895-இல் எட்வின் கேனன் செய்த கணக்கிலேயே இதன் விதை இருக்கிறது. 1945-இல் பேட்ரிக் லெஸ்லி இதை அணிக்கணித வடிவில் எழுதிக் காட்டினார். நூறாண்டுக்கும் மேலான முறை என்பதால் இதில் நிறுவனத்துக்கென்று எந்த இரகசியமும் இல்லை. "எங்கள் தனிப்பட்ட மாதிரி" என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னபோது நான் சற்றே சிரித்துக்கொண்டேன்.

பிறப்பும் இறப்பும் இந்தக் கணக்கில் ஓரளவு அடங்கிப் போகும் பிள்ளைகள். ஐந்தாண்டு கழித்து 70 வயதில் இருக்கப்போகிறவர் இன்று 65 வயதில் எங்கோ இருந்தாக வேண்டும். அவர் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பை ஆயுள் அட்டவணை நன்றாகவே சொல்லும். உள்ளாட்சி அளவில் ஆட்டம் காட்டுவது இடப்பெயர்வுதான். நாடு என்ற அளவில் உள்நாட்டுக்குள் வீடு மாறுகிறவர்கள் கணக்கை மாற்றுவதில்லை. ஆனால் ஒரு நகராட்சியின் எல்லையைக் கடக்க இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்தால் போதும். பகுதி சிறுத்துக்கொண்டே போகப் போக, பிறப்பு இறப்பின் பங்கு குறைந்து, வருவோர் போவோரின் பங்கு கூடிக்கொண்டே போகும். சேவையின் தரத்தை எடைபோட ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால், இடப்பெயர்வு ஊகங்கள் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள்.

அந்தப் பக்கத்தில் எங்கள் நிறுவனம் முதலாண்டு சறுக்கியது. இடம்பெயர்வோரின் வயது எல்லா நாடுகளிலும் ஏறத்தாழ ஒரே வடிவத்தில் அமைகிறது என்று ஆந்திரே ரோஜர்ஸும் லூயிஸ் காஸ்ட்ரோவும் 1981-இல் காட்டினார்கள். இருபதுகளில் ஒரு கூர்மையான உச்சம், பெற்றோரோடு சேர்ந்து நகரும் சிறு குழந்தைகளால் தொடக்கத்தில் ஒரு மேடு, சில இடங்களில் ஓய்வு பெறும் வயதில் ஒரு சிறு புடைப்பு. பொதுவாகப் பயன்படும் இந்த வடிவத்தை நிறுவனம் எங்கள் பகுதிகள் அனைத்துக்கும் ஒரே அச்சாகப் பொருத்திவிட்டது. கல்லூரி விடுதிகள் நிறைந்த ஒரு பகுதியில் அதன் விளைவு விபரீதமாக இருந்தது. பதினெட்டு வயதில் வந்து சேர்ந்த மாணவர்கள் படிப்பு முடிந்தும் வெளியேறாமல், அட்டவணையிலேயே முப்பதாகி, நாற்பதாகி, விடுதி அறைகளில் பிள்ளைகளும் பெற்றுக்கொண்டார்கள். அங்கே தொடக்கப்பள்ளி ஒன்று வேண்டும் என்று சேவை பரிந்துரைத்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. மாணவர், சிறைவாசிகள், படைமுகாமில் இருப்பவர், முதியோர் இல்லவாசிகள் போன்றோரைப் பொதுக் கணக்கிலிருந்து தனியே பிரித்து, அவர்களின் எண்ணிக்கையும் வயதும் ஆண்டுதோறும் அப்படியே இருப்பதாக வைத்துக்கொள்வதே முறையான வழி. சொன்னவுடன் திருத்தினார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஆனால் சொல்ல வேண்டியிருந்தது.

இது எங்கள் ஓர் அலுவலகத்தின் சில்லறைப் புகார் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்துக்கு 2020-ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்கென வெளியான அரசு மதிப்பீடு ஏறத்தாழ 3,79,000. அடுத்த ஆண்டு மார்ச்சில் நடந்த கணக்கெடுப்பில் வந்தது ஏறத்தாழ 3,45,000. படிப்பு முடித்து வெளியேறிய மாணவர்கள், குறிப்பாக வெளிநாட்டு மாணவர்கள், ஊரை விட்டுப் போனதாகச் சரிவரப் பதிவாகவில்லை என்று அங்குள்ள குடிமக்கள் நெடுநாளாகவே வாதிட்டு வந்தார்கள். நகரைச் சுற்றிக் கட்டடம் எழாமல் காக்கப்பட்டுவந்த பசுமை வளைய நிலங்களை வீடு கட்ட விடுவித்த திட்டம் பெருக்கிக் காட்டப்பட்ட எண்களின் மேல் நிற்கிறது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. அந்நாட்டின் புள்ளியியல் ஒழுங்குமுறை அலுவலகம் 2021-இல் இதை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. ஒரு வயதுப் பிரிவில் விழுந்த பிழை நிலத்தின் மேல் போய் உட்காரும் விதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

இனி வீடுகள். மக்களையும் வீட்டையும் இணைப்பதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன, சேவை இரண்டையும் செய்கிறது, ஆனால் எங்கே எதைச் செய்கிறது என்பதை அதன் குறிப்பில் மூன்றாம் முறை படித்தபோதுதான் கண்டுபிடித்தேன். முதல் வழியில் மக்களிலிருந்து வீட்டுக்குப் போகிறார்கள்: ஒவ்வொரு வயதிலும் எத்தனை விழுக்காட்டினர் ஒரு குடித்தனத்தின் தலைவராக இருக்கிறார்கள் என்ற விகிதத்தை மக்கள்தொகையோடு பெருக்கினால் குடித்தனங்கள் கிடைக்கும், அதோடு காலி வீடுகளுக்கான ஒரு பங்கைச் சேர்த்தால் தேவைப்படும் வீடுகளின் எண்ணிக்கை. இரண்டாம் வழியில் வீட்டிலிருந்து மக்களுக்குப் போகிறார்கள்: இத்தனை வீடுகள் கட்டப்படும், அவற்றில் இத்தனை காலியாக இருக்கும், மீதி ஒவ்வொன்றிலும் சராசரியாக இத்தனை பேர். முழு நிலப்பரப்புக்கு முதல் வழியும், சிறு பகுதிகளுக்கு இரண்டாம் வழியும் பயன்படுத்தப்பட்டு, இரண்டும் ஒத்துப்போகும்வரை எண்கள் தட்டிச் சீராக்கப்படுகின்றன. சிறு பகுதிக்கு இதுவே சரியான தேர்வு. வீடே இல்லாத இடத்துக்கு ஆசைப்பட்டு யாரும் குடிவர முடியாது.

இரண்டாம் வழியின் நுட்பத்தை எங்கள் மன்ற உறுப்பினர்களுக்கு விளங்கவைக்க நான் பயன்படுத்தும் கணக்கு இது. ஒரு பகுதியில் 10,000 வீடுகள், அவற்றில் நூற்றுக்கு 5 காலி, குடித்தனத்துக்குச் சராசரி 2.5 பேர் என்று வைத்துக்கொள்வோம், மக்கள்தொகை 23,750. சராசரி 2.4-ஆகக் குறைந்தால், ஒரு வீடும் இடிக்கப்படாமலேயே 950 பேர் கணக்கிலிருந்து மறைந்துவிடுவார்கள். பழைய மக்கள்தொகையை அப்படியே தக்கவைத்துக்கொள்ளவே ஏறத்தாழ 417 புதிய வீடுகள் தேவைப்படும். கூட்டுக் குடும்பம் பிரிகிறது, முதியவர் தனியே இருக்கிறார், மணமுறிவுக்குப் பின் ஒரு வீடு இரண்டாகிறது என்று நாம் அன்றாடம் பார்க்கும் மாற்றங்கள் எல்லாம் இந்தப் பத்தில் ஒரு பங்கில் அடங்கிவிடுகின்றன. "இவ்வளவு கட்டடம் எழும்பியும் மக்கள்தொகை ஏன் கூடவில்லை?" என்ற கேள்வியோடு வந்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்தபின் அமைதியாகிவிடுவார்கள். சேவையின் இணையதளத்தில் இந்தச் சராசரியை முன்பின் நகர்த்திப் பார்க்க ஒரு வசதி இருக்கிறது. நான் மிகவும் விரும்பிய பகுதி அதுவே.

என் பெரிய மனத்தாங்கல் வேறொன்று. எந்த ஆண்டு எந்த இடத்தில் எத்தனை வீடு வரும் என்ற அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது? எங்கள் பிரிவிலிருந்துதான். அனுமதி பெற்ற மனைகள், அனுமதிக்குக் காத்திருப்பவை, வளர்ச்சித் திட்டத்தில் குடியிருப்புக்கு என்று ஒதுக்கிய நிலங்கள் எல்லாவற்றையும் நாங்களே தொகுத்து அனுப்பினோம். அவர்கள் அதை வாங்கி, வயதாகவும் குடித்தனமாகவும் மாற்றி, வண்ணம் பூசி, எங்களுக்கே திருப்பித் தந்தார்கள். பிறகு எங்கள் வளர்ச்சித் திட்டத்தின் முன்னுரையில், "சுயேச்சையான முன்கணிப்பின்படி இப்பகுதி இவ்வளவு வளரும்; ஆகவே இவ்வளவு நிலம் ஒதுக்க வேண்டும்" என்று எழுதினோம். ஒதுக்கியதால்தான் அந்த வளர்ச்சியே கணக்கில் வந்தது என்பது முன்னுரையில் இல்லை. கண்ணாடியைப் பார்த்து, எதிரே இருப்பவரும் நான் சொல்வதையே சொல்கிறார் என்று மகிழ்வதைப் போன்றது இது. நிறுவனம் இதில் ஏமாற்றியது என்று சொல்ல மாட்டேன். குறிப்பின் பதினோராம் பக்கத்தில் தரவின் மூலத்தை எழுதித்தான் இருக்கிறார்கள். ஆனால் முகப்புப் பக்கத்தில் இருக்க வேண்டிய செய்தி அது.

பட்டியல் நம்முடையது என்று தெரிந்துவிட்டால், அதை நிறுவனம் எவ்வளவு கேள்வி கேட்கிறது என்பதே சேவையின் உண்மையான மதிப்பு என்று புரியும். இந்த இடத்தில் அவர்களுக்கு நல்ல மதிப்பெண் தருகிறேன். நான் முன்பு குறிப்பிட்ட அந்த ஒரு நாள் கூட்டத்தில், அவர்களின் மக்கள்தொகை ஆய்வாளர் எங்கள் பட்டியலை வரிக்கு வரி பிரித்துப் போட்டார். அனுமதி பெற்ற எல்லா மனைகளும் வீடாவதில்லை, சில காலாவதியாகின்றன. சில நிலங்கள் விலை ஏறட்டும் என்று காத்திருக்கின்றன. ஒரு பெரிய மனைப்பிரிவை ஒரே கட்டுமான நிறுவனம் விற்கும்போது, சந்தை ஏற்கும் வேகத்துக்கு மேல் அது கட்டாது. நாங்களோ ஐயாண்டுக்குள் எல்லாமே முடிந்துவிடும் என்று எழுதியிருந்தோம். ஒரே நிலம் வளர்ச்சித் திட்டப் பட்டியலிலும் அனுமதிப் பட்டியலிலும் இரண்டு முறை இடம்பெற்றிருந்ததையும் அவரே கண்டுபிடித்தார். பழைய வீட்டை இடித்து அடுக்ககம் கட்டும் இடங்களில் இடிபட்டதைக் கழிக்காமல் மொத்தத்தையே கூட்டியிருந்தோம் என்பதையும் அவர்தான் சுட்டினார்.

இடிப்பைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. இடிக்கப்படும் வீடு ஏற்கெனவே காலியாக இருந்தால் அதனால் ஒருவரும் வெளியேறுவதில்லை. ஆனால் வீட்டு எண்ணிக்கையிலிருந்து மக்களைக் கணக்கிடும் முறை, இடிப்பைக் கண்டவுடன் ஒரு குடித்தனத்தையும் சேர்த்துக் கழித்துவிடக்கூடும். கைவிடப்பட்ட வீடுகளைப் பெருமளவில் இடித்துவந்த டெட்ராய்ட் நகரம், தன் மக்கள்தொகை குறைத்து மதிப்பிடப்படுவதாக அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையோடு மல்லுக்கட்டியது இதனால்தான். 1950-இல் 18.5 இலட்சமாக இருந்து 2020-இல் 6.4 இலட்சத்துக்கு இறங்கிய நகரத்துக்கு ஒவ்வோர் ஆயிரமும் முக்கியம்தான். எங்கள் சேவையில் காலி வீட்டு விகிதம் ஒரே எண்ணாக, எல்லாப் பகுதிகளுக்கும், எல்லா ஆண்டுகளுக்கும் வைக்கப்பட்டிருந்தது. விடுமுறை வீடுகள் மிகுந்த கரையோரப் பகுதிக்கும் அதே எண்தான். இரண்டாம் ஆண்டில் கேட்டுப் பிரித்து வாங்கினோம்.

முதல் வழியிலும், அதாவது மக்களிலிருந்து வீட்டுக்குப் போகும் கணக்கிலும், இதே போன்ற ஒரு சுழல் இருக்கிறது, அது இன்னும் கண்ணுக்குப் படாதது. குடித்தனத் தலைவர் விகிதம் கடந்தகாலத்திலிருந்து எடுக்கப்படுகிறது. வீடு கிடைக்காமலும் வாடகை கட்டுப்படியாகாமலும் இளைஞர்கள் பெற்றோர் வீட்டிலேயே தங்கிவிட்ட காலத்திலிருந்து அதை எடுத்தால், இளைஞர்கள் தனிக்குடித்தனம் போகவே விரும்பாதவர்கள் என்று கணக்கு முடிவுகட்டிவிடும். வீடு குறைவாகக் கட்டினால் போதும் என்று சொல்லும். குறைவாகக் கட்டினால் விகிதம் மேலும் சரியும். இங்கிலாந்தின் குடித்தனக் கணிப்பு இதில் சிக்கிக்கொண்ட கதை எல்லாரும் அறிந்தது. 2014-ஐ அடிப்படையாகக் கொண்ட கணிப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,10,000 புதிய குடித்தனங்கள் என்றது. 2016-ஐ அடிப்படையாகக் கொண்ட அடுத்தது ஏறத்தாழ 1,59,000 என்றது. மக்கள்தொகைக் கணிப்பு தாழ்ந்தது ஒரு காரணம். 1971 முதலான நீண்ட வரலாற்றுக்குப் பதிலாக 2001, 2011 ஆகிய இரு கணக்கெடுப்புகளை மட்டும் வைத்து விகிதத்தைக் கணித்தது மற்றொன்று. வீட்டுத் தேவையைக் கணக்கிட உள்ளாட்சிகள் பழைய கணிப்பையே தொடர்ந்து பயன்படுத்த வேண்டும் என்று அப்போது அரசு சொல்லிவிட்டது. புதிய எண் கணக்கில் தவறானது என்பதற்காக அன்று; தேவையையும் கடந்தகாலப் பற்றாக்குறையையும் அது பிரித்துக் காட்டவில்லை என்பதற்காக. எங்கள் நிறுவனத்திடம் விகிதத்துக்கு எத்தனை கணக்கெடுப்புகளைப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டபோது இரண்டு என்றே பதில் வந்தது. நீண்ட வரலாற்றை வைத்து இன்னொரு வடிவமும் தரும்படி கேட்டோம், தந்தார்கள், இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு எங்கள் திட்டக்குழுவில் இரண்டு கூட்டங்களை விழுங்கியது. பயனுள்ள இரண்டு கூட்டங்கள்.

குறைகளையே அடுக்கிவிட்டேன், சேவை உண்மையிலேயே சிறந்து விளங்கும் இடத்தைச் சொல்லாவிட்டால் இந்த மதிப்புரை நியாயமாக இருக்காது. ஒரு குடியிருப்புப் பகுதிக்கும் ஆயுள் சுழற்சி உண்டு. புதிய மனைப்பிரிவில் ஒரே நேரத்தில் ஒரே வயது இணையர்கள் குடியேறுகிறார்கள். சில ஆண்டுகளில் மழலைகள், பிறகு பள்ளிப் பிள்ளைகள் பெருகுகிறார்கள். பிள்ளைகள் வளர்ந்து வெளியேறியதும் வீட்டுக்கு இருவராகக் குறைந்து, அதே பகுதி பல ஆண்டுகள் வயதானவர்களின் பகுதியாக இருக்கிறது. முதியவர்கள் மறைந்தோ விற்றோ போனபின் மீண்டும் இளையவர்கள் வருகிறார்கள். ஒரே காலத்தில் கட்டிமுடிக்கப்பட்ட பகுதியில் இந்த அலை கூர்மையாகவும், பல காலகட்டங்களில் கட்டப்பட்ட பகுதியில் மழுங்கலாகவும் இருக்கும். எங்கள் எக்செல் கோப்புக்கு இது தெரியாது. ஒரு பகுதியில் பள்ளிப் பிள்ளைகள் பெருகிவந்த வேகத்தைப் பார்த்து நிரந்தரக் கட்டடம் கட்ட எங்கள் உறுப்பினர்கள் துடித்துக்கொண்டிருந்தபோது, அந்த அலை ஏறத்தாழ உச்சத்தைத் தொட்டுவிட்டது, சில ஆண்டுகளில் இறங்கத் தொடங்கும் என்று சேவையின் வயதுவாரி அட்டவணை காட்டியது. கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய வகுப்பறைகளோடு நிறுத்திக்கொண்டோம். பக்கத்துப் பகுதியில், இன்று பிள்ளைகளே குறைவாக இருக்கும் இடத்தில், பழைய வீடுகள் கைமாறப்போகும் காலத்தைக் கணக்கிட்டுப் பள்ளி நிலத்தை விற்காமல் வைத்துக்கொண்டோம். மொத்த மக்கள்தொகையைப் பார்த்திருந்தால் இரண்டு முடிவுகளுமே தலைகீழாக அமைந்திருக்கும்.

ஒவ்வொரு பகுதிக்கும் அந்த அலையை உரைநடையில் அரைப்பக்கம் எழுதியும் தருகிறார்கள். அதை எழுதியவர் அந்தத் தெருக்களை நடந்து பார்த்திருக்கிறார் என்பது படித்தால் தெரியும்.

இணையதளத்துக்கு வருகிறேன். வரைபடம் விரைவாகத் திறக்கிறது, அட்டவணைகளைத் தரவிறக்க முடிகிறது, கைப்பேசியிலும் படிக்க முடிகிறது. ஆனால் 25 ஆண்டு கழித்து ஒரு சிறு பகுதியில் 85 வயதைத் தாண்டிய பெண்கள் எத்தனை பேர் என்பதை ஒற்றை இலக்கம் வரை துல்லியமாகச் சொல்லும் துணிச்சல் எனக்கு உறுத்தியது. முன்கணிப்புப் பிழையைப் பற்றி இத்துறையில் திரும்பத் திரும்ப உறுதியான செய்திகள் மூன்று: பகுதி சிறிதாக ஆக பிழை பெரிதாகும், காலம் நீள நீள பிழை பெருகும், வேகமாக வளரும் பகுதியிலும் வேகமாகத் தேயும் பகுதியிலும் பிழை மிகும். எங்கள் பகுதிகளில் பாதி இம்மூன்றுக்கும் ஒருசேர உரியவை. அப்படியிருந்தும் இணையதளத்தில் ஒரே ஒரு கோடு. மேல்வரம்பு, கீழ்வரம்பு எதுவும் இல்லை. நாடுகளின் மக்கள்தொகைக்கே ஐக்கிய நாடுகள் அவை 2014 முதல் நிகழ்தகவு எல்லைகளோடு கணிப்பு வெளியிடுகிறது. நாட்டைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறிய ஒரு பகுதிக்கு அது தேவையில்லை என்று யாரால் சொல்ல முடியும்? கேட்டபோது, "வரம்பு கொடுத்தால் வாடிக்கையாளர்கள் குழம்புகிறார்கள்" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் உண்மை இல்லாமலில்லை. வரம்பு கொடுத்தால் நிலத்தரகர் மேல் எண்ணையும், குடியிருப்போர் சங்கம் கீழ் எண்ணையும் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு வருவார்கள். ஆனால் ஒற்றை எண் கொடுத்தபோதும் அதே சண்டைதான் நடந்தது. யார் ஊகத்தின் மேல் நடக்கிறது என்று தெரியாமல் நடந்தது.

இதைவிடப் பெரிய குறை, ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது பழைய கணிப்பை இணையதளத்திலிருந்து நீக்கிவிடுவது. முன்பு சொன்னது எவ்வளவு பலித்தது என்று பார்க்க வழியே இல்லை. முதலாண்டு அட்டவணைகளை நான் தனியே சேமித்து வைத்திருந்ததால் மூன்றாம் ஆண்டில் ஒப்பிட முடிந்தது: மொத்தம் நன்றாகவே வந்திருந்தது, பகுதிவாரியாகப் பார்த்தால் ஒன்றின் மிகை மற்றொன்றின் குறையை ஈடுகட்டியிருந்தது. மொத்தம் சரியாக இருப்பதை விளம்பரத்தில் சொல்கிறார்கள். ஆனால் குழாயும் பள்ளியும் பகுதியில்தான் அமைகின்றன. ஒப்பிடும்போது அடிப்படை ஆண்டின் எண்ணும் மாறக்கூடியது என்பதை மறக்கக்கூடாது. கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடப்பதால் தொடக்கப்புள்ளி அடிக்கடி சரிசெய்யப்படுகிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் இடங்களில் கணக்கெடுப்பு வந்து சேரும்போது, எதிர்காலத்தைத் தவறாகச் சொன்னோம் என்பதைவிட நிகழ்காலத்தையே தவறாக வைத்திருந்தோம் என்பது தெரியவரும்.

வாடிக்கையாளர் சேவையைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. தொலைபேசியை எடுத்து விளக்குபவர் விற்பனையாளர் அல்லர், கணக்கைச் செய்தவரே. எங்கள் உறுப்பினர் ஒருவர் தம் வட்டத்தின் வளர்ச்சியைக் "கொஞ்சம்" உயர்த்தித் தரும்படி நேரடியாகக் கேட்டபோதும் ஆய்வாளர் அசையவில்லை. எந்த ஊகத்தை மாற்றினால் அந்த எண் வரும் என்று காட்டி, அந்த ஊகத்துக்கு எழுத்தில் பொறுப்பேற்கிறீர்களா என்று மட்டும் கேட்டார். உறுப்பினர் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினார். ஒவ்வோர் உள்ளாட்சியும் தானே பக்கத்து ஊரைவிட வேகமாக வளரும் என்று நம்புவதால், எல்லாருடைய கணிப்புகளையும் கூட்டினால் நாட்டின் மக்கள்தொகையையே மிஞ்சிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. இந்த நிறுவனம் தன் பகுதிவாரிக் கூட்டுத்தொகையை அரசின் வட்டார அளவிலான கணிப்புக்குக் கட்டுப்படுத்துகிறது. பல மலிவான சேவைகள் இதைச் செய்வதில்லை என்பதால், வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

யார் வாங்கலாம்? மக்கள்தொகை பெரிதாக மாறாத, புதிய மனைப்பிரிவுகள் இல்லாத சிறிய உள்ளாட்சிக்கு இது தேவையற்ற செலவு. ஹொரேஸ் ஹாமில்டனும் ஜோசப் பெர்ரியும் 1962-இல் முன்வைத்த எளிய முறை ஒன்று இருக்கிறது: முந்தைய கணக்கெடுப்பில் 10 முதல் 14 வயது வரை இருந்தவர்கள் பத்தாண்டு கழித்து 20 முதல் 24 வயதினராக எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற விகிதத்தை ஒவ்வொரு வயதுக்கும் எடுத்து, அதையே அடுத்த பத்தாண்டுக்கும் பயன்படுத்துவது. பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு மூன்றுக்கும் தனித்தனித் தரவு தேவையில்லை. இரண்டு கணக்கெடுப்புகளும் ஓர் அரைநாளும் போதும். பல பகுதிகளில் ஒரே நேரத்தில் கட்டுமானம் நடக்கும், மாணவர்களும் முதியோரும் கலந்து வாழும் பெரிய உள்ளாட்சிக்கு அந்த முறை தாங்காது. அங்கே இந்தச் சேவை பயன்படும், ஆனால் பட்டியலைத் தொகுக்கும் அலுவலர் ஒருவர் முழுநேரமாக உள்ளேயே இருந்தால் மட்டும்.

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். ஆய்வாளரின் உழைப்புக்கு நான்கரை, இணையதளத்துக்கு இரண்டரை. சந்தாவை மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டித்தபோது மூன்று நிபந்தனைகள் வைத்தோம்: வீட்டுப் பட்டியலைத் தந்தது யார் என்பது முகப்பிலேயே இருக்க வேண்டும், பத்தாண்டுக்கு மேற்பட்ட எண்கள் வரம்போடு மட்டுமே வெளியிடப்பட வேண்டும், பழைய கணிப்புகள் நீக்கப்படாமல் அதே தளத்தில் இருக்க வேண்டும். முதலாவதைச் செய்துவிட்டார்கள். இரண்டாவது அடுத்த புதுப்பித்தலில் வருமாம். மூன்றாவதைப் பற்றி அனுப்பிய இரண்டு கடிதங்களுக்கும் இன்னும் பதில் இல்லை; அதுவரை நான் ஆண்டுதோறும் அட்டவணைகளைத் தரவிறக்கி என் கணினியில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.